வாய்வாளாமையும் ஒரு விடையே: பிடிவாதியோடு உரையாடும் அறம்

எந்தச் சான்றைக் காட்டினாலும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள விரும்பாத ஒருவரோடு எவ்வளவு தூரம் உரையாடலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்னும் வினா, முதற்பார்வைக்குப் பழகும் பண்பு பற்றிய வினாவாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது சமயம் சார்ந்த ஓர் அறச்சிக்கலாகும். உண்மையை அறிந்தவர் அதனைப் பிறருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்று சமயங்கள் கற்பிக்கின்றன. வீண் வாதம் உள்ளத்தைக் கெடுக்கும் என்றும் அவையே எச்சரிக்கின்றன. அறியும் விருப்பத்தோடு கேட்பவர் முன்னிலையில் இவ்விரு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பிடிவாதியின் முன்னிலையிலேயே அவை மோதுகின்றன: தொடர்ந்து பேசினால் சினமும் செருக்கும் வளர்கின்றன, பேச்சை விட்டால் பொய்க்கு இடம் கொடுத்த குற்றம் உறுத்துகிறது.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. வடக்கே சாய்ந்தமருதுக்கும் தெற்கே நிந்தவூருக்கும் இடையில், முஸ்லிம் ஊர்களின் நடுவே அமைந்த இந்துத் தமிழூராகிய காரைதீவில், கருத்து வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் நிரந்தரமாகத் தவிர்த்து வாழ்தல் இயலாது. இரவில் கைபேசித் திரையில் கடுஞ்சொல் பரிமாறிக்கொண்டவர்கள் மறுநாள் கல்முனைச் சந்தையிலோ, மருத்துவமனையிலோ, பேருந்திலோ முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள். அத்துடன், இக்கரையின் மக்கள் உரிமை கொண்டாடத்தக்க தமிழ்ப் பௌத்தக் காப்பிய மரபு, சைவ சித்தாந்த மரபு, ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இஸ்லாமியக் கல்வி மரபு ஆகிய மூன்றுமே பிடிவாதியை எதிர்கொள்ளும் முறை பற்றி ஆழ்ந்து சிந்தித்தவை. தம்முள் பல அடிப்படைகளில் முரண்படும் இம்மரபுகள் இவ்வொரு செய்தியில் நெருங்கி வருகின்றன என்பது கருதிப் பார்க்கத்தக்கது.

முதலில் பிடிவாதம் எதுவென வரையறுத்தல் வேண்டும். உறுதியான நம்பிக்கை உடையவர் எல்லாரையும் பிடிவாதி என்று ஒதுக்கிவிடுவது ஒதுக்குபவர் தம் பிழையை மறைக்கும் எளிய வழியாகிவிடும். கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாக வகுக்கிறது. உண்மையைத் துணிவதற்காக இரு பக்கத்தாரும் சான்றுகளோடு ஆராய்வது வாதம். வெற்றியை நோக்கமாகக் கொண்டு, சொற்புரட்டு முதலிய உத்திகளையும் கையாண்டு தன் பக்கத்தை நிறுவ முயல்வது ஜல்பம். தனக்கென ஒரு பக்கத்தையும் நிறுவாமல் பிறர் கூறுவதை மறுப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இவ்வகுப்பு கருத்துகளின் தன்மையைப் பற்றியதன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒரே கொள்கையை ஒருவர் வாதமாகவும் மற்றொருவர் விதண்டையாகவும் பேசலாம். ஆகவே, எது காட்டப்பட்டால் தம் கருத்தைக் கைவிடுவார் என்பதைச் சொல்ல முன்வருபவர், எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், வாதியே ஆவார். அதனைச் சொல்ல மறுப்பவர், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், பிடிவாதியே ஆவார்.

மருத்துவ நூலாகிய சரக சங்கிதை, தன் விமானத்தானத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதே வேறுபாட்டை நடைமுறை நோக்கில் விளக்குகிறது. மருத்துவர்கள் தம்முள் நிகழ்த்தும் கலந்துரையாடலை இணக்க உரையாடல் என்றும் பகை உரையாடல் என்றும் அந்நூல் பிரித்து, வாதத்தில் இறங்குமுன் எதிராளியின் கல்வியையும் இயல்பையும் மட்டுமன்றி, கேட்கும் அவையின் அறிவையும் சார்பையும் அளந்தறியுமாறு பணிக்கிறது. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய துறையில் தோன்றிய இவ்வறிவுரை, உண்மைக்கான பொறுப்புடையவர் எல்லா அழைப்புக்கும் செவிசாய்க்க வேண்டியவர் அல்லர் என்பதைத் தெளிவாக்குகிறது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், வாதிடுவோரின் பேச்சுவகைகளுள் தான் வாதமாக இருப்பதாகக் கூறுவதும் இவ்வகுப்பைக் கருத்திற்கொண்டதே எனப் பொருள்கொள்ளுதல் மரபு. இறைமையின் சாயல் உண்மை தேடும் உரையாடலுக்கே உரியது என்பது அதனால் பெறப்படும்.

இங்கே ஒரு தடை எழுகின்றது. நியாய சூத்திரம் ஜல்பத்தையும் விதண்டையையும் முற்றாக விலக்கவில்லை; முளைத்து வரும் நாற்றைக் காக்க முள்வேலி இடுவதுபோல, துணியப்பட்ட உண்மையைக் காக்க அவற்றைக் கையாளலாம் என்று அது கூறுகிறது. பிடிவாதியைப் பிடிவாதத்தாலேயே அடக்கலாம் என்பதற்கு இதனை இசைவாகக் கொள்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எனினும் அந்த உவமையிலேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது: வேலி பயிருக்காக இடப்படுவது, பயிரின் நிலத்தை வேலியே பற்றிக்கொண்டால் உழவுக்குப் பயனில்லை. உண்மையைக் காக்க எடுத்த கடுமை எவ்வளவு விரைவில் உண்மையின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பதற்குத் தமிழ்ச் சமய வரலாறு ஒரு பெருஞ்சான்றைத் தருகின்றது.

இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரோடு அச்சேறியபோது, தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே அருட்பா என்னும் தகுதி உரியது என்று கருதிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை மறுத்தார். ஒரு பாடல் இறையருளால் வெளிப்பட்டது என்று எதனைக் கொண்டு துணிவது, அத்தகுதியை வழங்குபவர் யார் என்பன சமய மெய்யியலின் மையத்தில் நிற்கும் வினாக்கள்; அவற்றை அமைதியாக ஆராய்ந்திருந்தால் தமிழுக்கு ஓர் அரிய நூல் கிடைத்திருக்கும். நிகழ்ந்ததோ வேறு. மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாகத் துண்டு வெளியீடுகள் பெருகின. 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகள் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்த பின்னரும் அது ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை, அவை மருளில் பிறந்த மருட்பா என்னும் பக்கத்தையும், மறைமலை அடிகள் அருட்பா என்னும் பக்கத்தையும் எடுத்துப் போரிட்டனர். தொடங்கியவர்கள் இல்லாத காலத்திலும் தொடர்ந்த அந்த விவாதத்தில், பாடல்களின் பொருள் பற்றிய ஆராய்ச்சி ஒதுங்கி, எதிராளியின் கல்வி, பிறப்பு, ஒழுக்கம் ஆகியவற்றைச் சாடும் வசை முன்னின்றது.

அந்த வரலாற்றில் ஒரு பெயர் தனித்து நிற்கின்றது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், ஒரு முஸ்லிம் புலவராக இருந்தும், இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவே என்று வாதிட முன்வந்தார். ஒரு சைவப் பூசலில் சைவரல்லாத ஒருவர் தம் சமயத்துக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒரு பக்கத்தை எடுத்துப் பேசியமை, பக்கச் சார்பு பிறப்பால் வருவதாக எண்ணும் மனப்போக்குக்கு ஒரு மறுப்பாகும். இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் காரைதீவு–கல்முனைக் கரைக்கு அவர் நினைவு மிகவும் வேண்டப்படுவது. ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைக் கொண்டு அவர் என்ன பேசுவார் என்று முன்கூட்டியே முடிவுசெய்வதும் பிடிவாதத்தின் ஒரு வடிவமே என்பதை அது உணர்த்துகின்றது.

முள்வேலியின் வழி இவ்வாறு முடிகிறதென்றால் வேறு வழி யாது? சாத்தனாரின் மணிமேகலை இதற்கு மிகத் துல்லியமான விடையைத் தருகின்றது. அக்காப்பியத்தின் தொடக்கத்திலேயே, இந்திர விழாவை அறிவிக்கும் வள்ளுவன், சமய வாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறு அழைத்து, பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாமல் அகன்றுவிடுமாறு மக்களுக்கு அறிவிக்கிறான். வாதத்துக்கு இடம் அமைப்பதும், வாதம் கெடும்போது விலகும் நெறியைக் கற்பிப்பதும் ஒரே அறிவிப்பில் இணைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது. பின்னர், வஞ்சி மாநகரில் தவவேடத்துடன் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயத்தாரையும் அணுகும் மணிமேகலை, அவர்கள் கொள்கைகளை முழுமையாகக் கேட்கிறாள்; அவை தனக்கு ஏற்புடையனவாக இல்லாதபோதும் மறுத்துரைக்கப் போவதில்லை என்ற நிலையில் நிற்கிறாள். காட்சியை மட்டுமே அறிவுக்கு வாயிலாகக் கொள்ளும் பூதவாதியிடம் மாத்திரம், தன் தாய் தந்தையரை அவன் அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவான் என்ற ஒரே வினாவை எழுப்பி நகர்கிறாள். அந்த ஒரு வினா அவனுடைய நிலைப்பாட்டின் வேரைத் தொடுகிறது. அதற்குமேல் அவனைத் துரத்த வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

காப்பியத்தின் இறுதிக் காதையில் அறவண அடிகள் உபதேசிக்கும் பௌத்த தருமத்தில், வினாக்களுக்கு உரிய விடைகள் நான்கு என வகுக்கப்படுகின்றன. தோன்றியது கெடுமா என்பதுபோன்ற வினாவுக்குக் கெடும் என்று நேராக உரைப்பது துணிந்து சொல்லல். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்ற வினாவுக்கு, அவன் பற்றுடன் இறந்தானா, பற்றற்று இறந்தானா எனப் பிரித்து விடை கூறுவது கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதா, பனை முந்தியதா என்று கேட்பவரிடம், எந்த முட்டை, எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது வினாவின் விடுத்தல். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா, புதியதா என்ற வினாவுக்கோ எவ்விடையும் பொருந்தாது; இல்லாத பூவைப் பற்றிய எந்த விடையும் அப்பூ உண்டு என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் ஆதலின், அங்கே பேசாதிருத்தலே விடை. அதுவே வாய்வாளாமை. பிடிவாதியின் வினாக்களுள் பெரும்பாலானவை இந்த நான்காம் வகையைச் சேர்ந்தவை: ஒரு சமூகம் ஏன் இப்படிக் கெட்டது என்று கேட்கும்போது, கெட்டது என்ற முடிவு வினாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது; அதற்கு அளிக்கும் எந்த விளக்கமும் அம்முடிவை ஏற்றதாகவே ஆகும்.

இவ்வகுப்பின் நுட்பம் அதன் வரிசையில் அடங்கியுள்ளது. வாய்வாளாமை நான்காவதாக வைக்கப்பட்டிருப்பதால், முதல் மூன்றையும் முயலாமல் மௌனத்துக்குத் தாவுவது சோம்பலோ அவமதிப்போ ஆகலாம் எனக் கொள்ளுதல் பொருந்தும். நேராக விடை சொல்ல இயலுமாயின் சொல்ல வேண்டும். வினாவில் இரண்டு பொருள் கலந்திருந்தால் பிரித்துக் காட்ட வேண்டும். வினாவின் அடிப்படை மயங்கியிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டும். இவை பயன்படாத இடத்திலேயே மௌனம் விடையாகத் தகுதி பெறுகிறது.

இஸ்லாமிய மரபும் வேறொரு வாயில் வழியாக இவ்விடத்துக்கே வந்து சேர்கின்றது. திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமாகிய அந்நஹ்ல், ஞானத்தோடும் அழகிய அறிவுரையோடும் மக்களை அழைக்குமாறும், தர்க்கிக்க நேர்ந்தால் மிகச் சிறந்த முறையில் தர்க்கிக்குமாறும் பணிக்கிறது; இருபத்தைந்தாம் அத்தியாயமாகிய அல்புர்கான், அறிவிலிகள் வம்புக்கு அழைக்கும்போது ஸலாம் என்று கூறி விலகுவோரை இறைவனின் நல்லடியார்களாக வருணிக்கிறது. தன் பக்கம் உண்மையே இருந்தும் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்குச் சுவனத்தில் ஒரு வீடு உண்டென நபிகள் நாயகம் (ஸல்) பொறுப்பேற்றதாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. உண்மை தன்னிடம் இல்லாதவர் வாதத்தை விடுவது தோல்வி மட்டுமே. உண்மை தன்னிடம் இருந்தும் விடுவது உள்ளத்தின் பயிற்சி என்பதை அந்த ஹதீஸ் வேறுபடுத்துகின்றது. விலகும்போது கூறப்படும் ஸலாம் ஒரு பிரார்த்தனை. எதிராளியின் நலம் நாடும் சொல். வாய்வாளாமையில் பகை கலவாதிருப்பதற்கு அச்சொல்லே காவலாகிறது.

1058 முதல் 1111 வரை வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி, தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய அறிவுரை நூலில், அறியாமையை நோயாகக் கொண்டு வினவுவோரை நான்கு வகையாகப் பிரித்தார். பொறாமையாலும் பகையாலும் கேட்பவர், மூடத்தனத்தால் கேட்பவர், நல்வழி நாடியும் உரிய ஆழத்தை எட்டும் ஆற்றலற்றவர், கூரிய அறிவோடும் தூய நோக்கத்தோடும் கேட்பவர் என்பன அந்நால்வகை. இவர்களுள் இறுதியானவரே விளக்கத்தால் குணமடையத்தக்கவர் என்பது அவர் துணிபு. இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலிலோ, வாதம் புரிவோரிடத்துப் பொறாமை, செருக்கு, பிறர் குறை தேடல், எதிராளி இடறும்போது மகிழ்தல் ஆகிய தீங்குகள் எவ்வாறு வளர்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தார். அவரே தம் காலத்தின் பெரும் வாதியாகப் புகழ்பெற்றவர் ஆதலின், அந்த ஆராய்ச்சிக்குத் தனி வலிமை உண்டு. இக்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் சட்ட மரபின் மூலவராகிய இமாம் ஷாபிஈ, உண்மை தம் நாவில் வெளிப்படினும் எதிராளியின் நாவில் வெளிப்படினும் தமக்கு ஒன்றே என்ற மனநிலையோடு வாதிட்டதாக மரபு கூறுகின்றது. பிடிவாதத்துக்கு மாற்று இம்மனநிலையே. அது எதிராளியிடம் கேட்டுப் பெறுவதற்குமுன் தன்னிடம் வளர்க்கப்பட வேண்டியது.

இனி, வாய்வாளாமைக்கு எதிரான வலிய தடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நியாய நூல் இருபத்திரண்டு தோல்வித்தானங்களைக் கூறுகிறது. அதாவது, எந்தெந்தச் செயலால் ஒருவர் வாதத்தில் தோற்றவராகக் கருதப்படுவார் என்பதை வரையறுக்கிறது. மறுமொழி தோன்றாமல் நிற்பதும், வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வாதத்தை இடையில் முறிப்பதும் அவற்றுள் அடங்கும். அவ்வாறாயின் மௌனம் தோல்வியே என்று பிடிவாதி முழங்குவது நியாயமாகுமே எனலாம். ஆயின் தோல்வித்தானம் என்னும் ஏற்பாடு, இரு பக்கத்தாரும் ஏற்ற நடுவரும், கேட்டறியும் அவையும், முன்கூட்டியே உடன்பட்ட விதிகளும் உள்ள இடத்துக்கு உரியது. அதே பட்டியலில், எடுத்த கொள்கையைக் கைவிடுதல், இடையில் வேறு கொள்கைக்கு மாறுதல், தொடர்பற்ற பொருளைப் பேசுதல், கூறியதையே கூறல் ஆகியனவும் தோல்விகளாக எண்ணப்படுகின்றன என்பதைப் பிடிவாதி நினைவுகூர்வதில்லை. விதியின் ஒரு பகுதியை மட்டும் எதிராளிக்கு விதிப்பவர் அவ்விதியின் பாதுகாப்பைக் கோர இயலாது.

அவையின்மையே இக்காலத்து விவாதங்களின் பெருங்குறை. மட்டக்களப்புத் தேசத்துக் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில், கோவலன் சார்பில் வடசேரியும் கண்ணகி சார்பில் தென்சேரியுமாக மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை இழுத்துப் போட்டியிடுவர், வசைப்பாடல்களும் பரிமாறப்படும். ஆயினும் அப்பகைமைக்குக் காலமும் களமும் முடிவும் உண்டு: ஒரு கொம்பு முறிந்ததும் போட்டி முடிகிறது. சடங்கு என்னும் எல்லை, வசையை வாழ்வுக்குள் கசியவிடாமல் தடுக்கிறது. கைபேசித் திரையில் நிகழும் சமயப் பூசலுக்கு முறிய வேண்டிய கொம்பும் இல்லை, முடிவு சொல்லும் மூத்தவரும் இல்லை. ஆதலின் எல்லையை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு பேசுபவர் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விழுகிறது. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், எதனைச் சான்றாக ஏற்போம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வதும், அதற்கு உடன்படாதவரோடு தொடராதிருப்பதும் இல்லாத அவைக்கு ஈடாக ஒருவர் செய்யக்கூடியவை.

இரண்டாவது தடை அறம் சார்ந்தது. பொய் ஒரு மூன்றாமவரைப் புண்படுத்தும்போது, எடுத்துக்காட்டாக ஓர் அயலூர் மக்களைப் பற்றிய வதந்தி பரப்பப்படும்போது, மௌனம் உடந்தையாகாதா? ஆகும். 1990இல் இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அனுபவித்த வன்முறைகளை அறிந்தவர்கள், அயலாரைப் பற்றிய கடுஞ்சொல் வெறும் சொல்லாக நின்றுவிடுவதில்லை என்பதையும் அறிவர். ஆகவே இங்கே ஒரு பகுப்பு தேவைப்படுகிறது: விடைக்கு உரிமையுடையவர் யார் என்று பார்த்தால், பிடிவாதியின் மனத்தை மாற்றும் கடமை எவருக்கும் இல்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும், பொய்யால் பாதிக்கப்படுபவர்களுக்கும் உண்மையைச் சொல்லும் கடமை உண்டு. அக்கடமை, உண்மையைச் சான்றோடு, தெளிவாக, எதிராளியின் ஆளுமையைத் தொடாமல் உரைத்ததும் நிறைவேறிவிடுகிறது. புதிய சான்றோ புதிய பொய்யோ வெளிப்பட்டாலன்றி அதனை மீண்டும் மீண்டும் கூறுவது கேட்பவர்களுக்குப் புதிய அறிவு எதனையும் தருவதில்லை. கூறுபவரின் சினத்தை வளர்ப்பதே எஞ்சும். திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரம், காணாதவனுக்குக் காட்ட முயல்பவன் தானே காணாதவனாகிவிடுவான் என்று எச்சரிப்பதும் இந்த அளவறியாமையை நோக்கியே எனலாம்.

பிடிவாதம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சைவ சித்தாந்தம் நேராகவே கூறுகிறது. உயிரைப் பற்றியுள்ள மூன்று மலங்களுள் மூலமாகிய ஆணவம், உயிரின் அறிவை மறைத்து, அது தன்னையே முழுமையென எண்ணச் செய்வது. சகலாகம பண்டிதராக விளங்கிய அருணந்தி சிவாசாரியார், இளைஞராகிய மெய்கண்டாரைச் சோதிக்கும் எண்ணத்தோடு சென்று, ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று வினவியபோது, மெய்கண்டார் எதுவும் பேசாமல், நின்றிருந்த அவரையே உற்று நோக்கினார் என்றும், தாமே அவ்வினாவின் விடை என்பதை உணர்ந்த அருணந்தியார் அவருக்கு மாணாக்கரானார் என்றும் சைவ மரபு போற்றுகிறது. அவ்வாறு மாணாக்கரானவரே பின்னர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளை அவர்கள் கூறுமாறே முதலில் எடுத்துரைத்து, அதன்பின் மறுக்கும் முறையைக் கையாண்டார். ஆணவம் நீங்கிய பின்னரே மறுப்புக்குத் தகுதி வருகிறது. பிறர் கொள்கையை அவரே ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்க இயலாதவர் அதனை மறுக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கிறிஸ்தவர்களிடம் கற்று, அறிவியல் பட்டமும் பெற்று, 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானவர். பிற சமயத்தாரிடம் கற்றது தம் சமயப் பற்றைக் குறைக்கும் என்று அஞ்சாத அவர் வாழ்வு, உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இவ்வூருக்கு விளக்கிக் காட்டிய வாழ்வாகும். வேர் ஊன்றியவர் கேட்க அஞ்சுவதில்லை; கேட்க மறுப்பவரின் உரத்த குரலுக்குள் பெரும்பாலும் இருப்பது தன் நிலைப்பாடு சரிந்துவிடுமோ என்னும் அச்சமே.

ஆகவே பிடிவாதியோடு பழகும் நெறியை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். வினா உண்மையானதாயின் நேராகவோ, பிரித்தோ, திருப்பிக் கேட்டோ விடையளிக்க வேண்டும். பொய் பிறரைப் புண்படுத்துமாயின், கேட்போர் பொருட்டுச் சான்றோடு மறுத்துவிட வேண்டும். வினா ஆகாயப் பூவைப் பற்றியதாயின் அவருடைய நலம் நாடும் சொல்லோடு விலக வேண்டும். விலகியபின் அவரைத் தோற்றவராகவோ தன்னை வென்றவராகவோ எண்ணாதிருத்தல் இவற்றுள் மிகக் கடினமானது. அது கைகூடாதவரின் மௌனம், பேசாத ஜல்பமாகவே நின்றுவிடும். அடுத்த நாளும் அதே ஊரில், அதே மொழியில் சேர்ந்து வாழ வேண்டிய மக்களுக்கு, விவாதத்தில் ஒருவரை இழப்பதைவிட விவாதத்தையே இழப்பது சிறிய இழப்பு என்பதை இம்மூன்று மரபுகளும் தத்தம் சொல்லால் கற்பிக்கின்றன. அக்கல்வியைக் கடைப்பிடிப்பது ஒவ்வொருவரும் தம் அயலாருக்குச் செய்ய வேண்டிய சமயக் கடமையாகும்.